கண்ணாடியில் ஒட்டிய பழைய பேப்பர்

2020 ஜூலை மாதம். புனேவை இரண்டாவது முறையாக இழுத்து மூடியிருந்த சமயம். நாங்கள் இருப்பது கோர்படியில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஓர் ஆங்கிலப் பள்ளி. அதில் நான் நூலகர். நான் சொல்லப்போவது நடந்தது அந்தப் பள்ளியில், அதுவும் என் நூலகத்துக்குள்ளேயேதான். ஆனால் அப்போது நான் அங்கே வேலைக்குப் போகவில்லை. நோயாளியாகப் போனேன்.

முதலில் என்னைப் பற்றிய ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நூலகர் என்றால் சதா படித்துக்கொண்டே இருப்பாள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. சர்ச்சில் பார்க்கிறவர்கள்கூட, "உனக்கென்னம்மா, நாள் முழுக்கப் புத்தகத்தோட இருக்கிற புண்ணியவதி" என்பார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையில் நான் படிப்பது பின் அட்டையை மட்டும்தான். பின் அட்டையைப் படித்துவிட்டு எந்தப் புத்தகத்தைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேசிவிடுவேன். மூன்றாவது நிமிடம் யாராவது கேள்வி கேட்டால், போன் வந்த மாதிரி எழுந்து போய்விடுவேன்.

படிப்பதைவிடக் காவல் காப்பதில்தான் நான் கெட்டிக்காரி. எங்கள் பள்ளியில் வருடா வருடம் ஏப்ரலில் புத்தகச் சரிபார்ப்பு நடக்கும். பதிவேட்டில் இருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் பீரோவில் ஒரு புத்தகம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அது எங்கே போனது என்று நூலகர் விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு வருடத்தில் நான் ஒரு விளக்கமும் எழுதியதில்லை. அதெப்படி என்று மற்றப் பள்ளி நூலகர்கள் ஆச்சரியப்படுவார்கள். புத்தகம் வெளியே போனால்தானே தொலையும்? புதுப் புத்தகம் என்றால், "இன்னும் நம்பர் போடலை" என்பேன். பழசு என்றால், "பைண்டிங் பண்ணணும்" என்பேன். பிள்ளைகள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மார்ச்சில் முதல் ஊரடங்கு வந்தபோது எனக்குள்ளே ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இனிமேல்தான் படிக்கப்போகிறேன் என்று நான்கு தடித்தடி நாவல்களை முறைப்படி என் பெயரில் பதிந்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். நான்கு மாதத்தில் எதிலும் முப்பதாவது பக்கத்தைத் தாண்டவில்லை. ஒரு பக்கம் படிப்பேன், போனை எடுப்பேன், எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று பார்ப்பேன். அப்புறம் அதே பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படிப்பேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் அந்த நாவல்களை அடுக்கி, மேலே லேப்டாப்பை வைத்து ஆன்லைன் வகுப்பு கேட்டாள். உயரம் சரியாக இருந்ததாம்.

ஜூன் கடைசியில் பிரின்சிபாலிடமிருந்து போன். பள்ளியின் கீழ்த்தளத்தை மாநகராட்சி கேட்டிருக்கிறது, கொரோனா நோயாளிகளைத் தங்கவைக்கப் போகிறார்கள், நூலக ஹாலில் பெண்கள் வார்டு வரும், ஒருநாள் வந்து புத்தகங்களைப் பத்திரப்படுத்திவிடு என்றார். அதுதான் பெரிய ஹால், பக்கத்திலேயே குளியலறையும் உண்டு. நான் பாஸ் வாங்கிக்கொண்டு ஓடினேன். மேஜைமேல் கிடந்தவை, பத்திரிகைகள், அட்லஸ்கள் எல்லாவற்றையும் ஒன்பது பீரோக்களில் திணித்துப் பூட்டினேன். வராந்தாவில் இரும்புக் கட்டில்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. படுத்தபடி கிடக்கிறவர்களுக்குப் பொழுது போகாது. கண்ணாடிக்குப் பின்னால் புத்தகம் தெரியும். யாராவது கேட்பார்கள், யாராவது பூட்டை உடைப்பார்கள். இருமிய கையோடு புரட்டுவார்கள். நினைக்கவே ஆகவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். ஆபீஸில் கிடந்த பழைய மராத்திப் பேப்பர் கட்டைக் கொண்டுவந்து, ஒன்பது பீரோவின் கண்ணாடியிலும் உள்பக்கமாக ஒட்டினேன். பிறகு, "பழைய தேர்வுத் தாள்கள். திறக்கக் கூடாது" என்று ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதி, பள்ளி முத்திரையும் குத்தி, ஒவ்வொரு கதவிலும் ஒட்டினேன். சாவிக்கொத்தை ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் காலை அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு வாசனையே தெரியவில்லை. மகள் உள்ளறையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். அடுத்த நாள் பரிசோதனை, அதற்கடுத்த நாள் பாசிட்டிவ். என் கணவருக்குச் சர்க்கரை உண்டு. எங்கள் வீடு ஒரு ஹால், ஓர் அறை, ஒரே குளியலறை. வீட்டில் தனியாக இருக்க வழியில்லை, முகாமுக்குப் போயே ஆக வேண்டும் என்று மாநகராட்சியிலிருந்து ஆம்புலன்ஸ் அனுப்பினார்கள். எந்த முகாம் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வண்டி தெரிந்த தெருவில் திரும்பியது, தெரிந்த வேப்பமரத்தைத் தாண்டியது, நான் பதினான்கு வருடம் நுழைந்த கேட்டுக்குள் நுழைந்தது.

பன்னிரண்டு கட்டில். எனக்குக் கிடைத்தது நான்காவது பீரோவை ஒட்டிய கட்டில். படுத்தால் நேர் எதிரே என் கையெழுத்து: திறக்கக் கூடாது. எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்ததால் யாருக்கும் யாரையும் தெரியவில்லை. நான் யார் என்று நானும் சொல்லவில்லை. என்ன வேலை என்று கேட்டவர்களிடம், "ஸ்கூல்ல ஆபீஸ் வேலை" என்று மழுப்பினேன். கைப்பையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன்.

வந்த அன்றே மாநகராட்சி ஆள் ஒருவர் வாசலில் நின்றபடி விதிகளைச் சொன்னார். இந்த ஹாலில் நோயாளிகள் கைபட்ட போர்வை, தலையணை எதுவும் திரும்பப் போகாது, முகாம் முடிந்ததும் எல்லாம் எரிக்கப்படும் என்றார். அதைக் கேட்டபோது, நான் பேப்பர் ஒட்டியது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கசார்வாடியிலிருந்து வந்த ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. அவருக்கும் நோய் வந்து வேறொரு முகாமில், ஆண்கள் பக்கம் இருந்தார். ஒன்பது வயது மகளுக்கு மட்டும் நெகட்டிவ். அவளைக் கீழ் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எனக்கு அரைகுறை மராத்தி, அவளுக்கு அரைகுறை இந்தி. இரண்டையும் கலந்து எங்களுக்குள் பேச்சு ஓடியது. அவள் என்னைத் தாயி என்று கூப்பிட்டாள். மராத்தியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தினமும் சாயங்காலம் ஆறரைக்கு மகள் வீடியோவில் வருவாள். வந்ததும் அழத் தொடங்குவாள். அம்மா எப்ப வருவே, அப்பா எப்ப வருவார், என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க. இவள் இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே சமாதானம் சொல்லுவாள். போனை வைத்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கீழ் வீட்டு அம்மா வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தபோது, அவள் ஒரு பீரோவின் முன்னால் நெற்றி கண்ணாடியில் படுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். பூட்டைத்தான் நோண்டுகிறாள் என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து உட்கார்ந்து உற்றுப் பார்த்தேன். அவள் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒட்டிய பழைய பேப்பரைத்தான். எந்த ஊரில் மழை பெய்தது, யாருக்குக் கல்யாணம், எங்கே தண்ணீர் வராது, எல்லாம் போன வருடத்துச் சங்கதிகள். ஒரு கதவை முடித்ததும் அடுத்த கதவுக்குப் போனாள். தலைகீழாக ஒட்டியிருந்த இடத்தில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படித்தாள்.

"என்ன பாக்குற?" என்று கேட்டேன்.

"என்னத்தைப் பாக்க, தாயி. எழுத்துன்னு இங்கே இது ஒண்ணுதானே இருக்கு" என்றாள்.

நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஐந்தாவது பீரோவில் அவளுக்கு ஒரு புதையல் கிடைத்தது. பேப்பரின் சிறுவர் பக்கம். அதில் ஒரு கதை. சந்தைக்குப் போகும் அரசு எஸ்.டி. பஸ்ஸில் ஓர் ஆடு ஏறிவிடுகிறது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்கிறார். அன்று ஆறரைக்கு அவள் போனோடு அந்தக் கண்ணாடியின் முன்னால் போய் நின்று, வரி வரியாக மகளுக்கு வாசித்துக் காட்டினாள். அழுகை நின்றது. "அப்புறம்?" என்றது போனுக்குள்ளிருந்து ஒரு குரல். அப்புறம் ஒன்றுமில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைக்கிற இடத்தில், பீரோவின் அளவுக்குச் சரியாக வர வேண்டும் என்று நான் பேப்பரைப் பின்பக்கம் மடித்துவிட்டிருந்தேன்.

"மிச்சம் உள்ளே மடிச்சிருக்கு, கண்ணு. தெரிய மாட்டேங்குது" என்றாள் அவள். அவ்வளவுதான், குழந்தை மறுபடி அழ ஆரம்பித்துவிட்டது.

அடுத்த நாள் முழுக்க அவள் அந்தக் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். மொபைல் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். மற்றப் பெண்களும் கூடிவிட்டார்கள். ஆடு என்ன செய்திருக்கும் என்று ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். "நீயே ஏதாவது கட்டிச் சொல்லேன்" என்று ஒருத்தி யோசனை சொன்னாள். "எழுதியிருந்தா வாசிப்பேன். கட்டிச் சொல்லத் தெரியாது. அவ உடனே கண்டுபிடிச்சிருவா" என்றாள். நான் சாவியைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அதைவிட, என்னை உலுக்கி எழுப்பித் திட்டியிருக்கலாம்.

நான்காம் நாள் மத்தியானம் அவள் என் கட்டில் பக்கம் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள். குழந்தை இரண்டு நாளாக பிஸ்கட்டும் தண்ணீரும்தானாம். கீழ் வீட்டு அம்மா கையைப் பிசைகிறாராம். "நாளைக்குக் காலைல சாப்பாட்டு டெம்போ வரும்போது கேட் திறந்திருக்கும், தாயி. நான் போயிடறேன். யாரும் கேட்டா பாத்ரூம்ல இருக்கேன்னு சொல்லுங்க."

அதற்கு முந்தின வாரம் பக்கத்து வார்டிலிருந்து இரண்டு பேர் அப்படிப் போயிருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். இவளுக்கோ இன்னும் காய்ச்சல் விடவில்லை. இந்த உடம்போடு போய்க் குழந்தையைக் கட்டிப்பிடித்தால் என்ன ஆகும்? அந்தக் கீழ் வீட்டுக்காரர்கள் கதி? எல்லாம் சொன்னேன். "எனக்கும் தெரியும். அவ சாப்பிடலையே, நான் என்ன பண்ண?" என்றாள். அவள் பை ஏற்கெனவே கட்டிலின் கால்மாட்டில் தயாராக இருந்தது.

அவள் தன் கட்டிலுக்குப் போன பிறகு நான் என்னென்ன கணக்குப் போட்டேன் என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. திறந்தால் பன்னிரண்டு பேரும் எடுப்பார்கள். எடுத்தால் அது நோயாளி கைபட்ட பொருள். மாநகராட்சி ஆள் எரிக்கச் சொல்வார். பிரின்சிபாலுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதோடு நான் பொய் எழுதி முத்திரை குத்தியதும் வெளியே வரும். இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் ஒரு பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறாள். எந்தப் பக்கம் கனம் என்று யோசிக்கவே எனக்கு நான்கு நாள் ஆகியிருக்கிறது.

கணவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் திருநெல்வேலிக்காரர். எதையும் சுற்றிவளைக்க மாட்டார். "சாவி ஒங்கிட்டதான இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். "பொறவு எங்கிட்ட ஏன் கேக்க?" என்றார். கொஞ்சம் விட்டு, "எரிச்சா எரிக்கட்டும், விடு. நீ நல்லா சாப்பிடுதியா?" என்று கேட்டார்.

ஆறு மணிக்கு சிஸ்டர் ஆக்ஸிமீட்டரோடு வந்தார். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண்ணாடிக்குப் பின்னால் களைத்த இரண்டு கண் மட்டும் தெரியும். என் விரலில் கிளிப்பை மாட்டியவர் திடுக்கிட்டார். "ஆக்ஸிஜன் நல்லா இருக்கு. நாடி ஏன் இப்படி ஓடுது? மூச்சு முட்டுதா?" என்றார். இல்லை என்றேன். நெஞ்சு வலிக்கிறதா என்றார். இல்லை என்றேன். "பின்னே என்னம்மா?" என்றார். "சிஸ்டர், அந்த பீரோல தேர்வுத் தாள் இல்ல" என்றேன்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஒன்பது பீரோவையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "போர்வை, தலையணையை எரிக்கணும்னுதான் எனக்குச் சொல்லியிருக்காங்க. புத்தகத்தைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலை. சொல்லாததை நான் போய்க் கேக்கப் போறதும் இல்லை" என்றார். பிறகு, எடுக்கிறவர்கள் கையைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், ஒருவர் படித்த புத்தகத்தை உடனே இன்னொருவரிடம் கொடுக்கக் கூடாது, கொஞ்ச நாள் தனியாக வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் நான்கு நாளாகச் சுமந்த மலையை அவர் அரை நிமிடத்தில் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார்.

கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தேன். பக்கத்துக் கட்டில் பெண் முதலில் சாவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நான் இங்கதான் லைப்ரரியன். இந்தப் பேப்பரை ஒட்டினதும் நான்தான்" என்றேன்.

அவள் கத்தவில்லை. "நாலு நாளா என் பொண்ணு அழறது உங்க காதுல விழுந்துச்சா, தாயி?" என்று மட்டும் கேட்டாள்.

"விழுந்துச்சு" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. நான் ஐந்தாவது பீரோவைத் திறந்தேன். செல்லோ டேப் டர்ரென்று கிழிந்து வந்தது. பேப்பரை மடிப்புப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். கண்டக்டர் விசில் ஊதுகிறார். ஆட்டிடம் டிக்கெட்டை நீட்டுகிறார். ஆடு அதை வாங்கித் தின்றுவிடுகிறது. இன்னொன்று நீட்டுகிறார். அதுவும் போச்சு. கடைசியில் அவர் அசந்த நேரத்தில் கைப்பெட்டியில் இருந்த டிக்கெட் கட்டு முழுவதையும் ஆடு மென்று விழுங்கிவிடுகிறது. அன்றைக்கு அந்த பஸ்ஸில் யாருக்குமே டிக்கெட் கிடையாது.

போனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மூக்கடைத்த, அழுது ஓய்ந்த குழந்தையின் சிரிப்பு. அப்புறம், "இன்னொண்ணு" என்றது.

அவள் என்னைப் பார்க்காமலே கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். நான் நான்காவது பீரோவுக்கு ஓடினேன். மராத்திக் கதைப் புத்தகங்கள் எல்லாம் அதில்தான். என் கட்டிலை ஒட்டியே இருந்திருக்கின்றன, பாருங்கள். எடுத்த புத்தகத்தைப் பிரித்தால், ஒட்டிக்கொண்டிருந்த தாள்கள் படபடவென்று பிரிந்தன. வாங்கி ஆறு வருடமாகியும் யாரும் திறந்திராத புத்தகம். ஒரு கதைக்கு ஒரு சப்பாத்தி என்று அம்மாவும் மகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கீழ் வீட்டு அம்மா காலித் தட்டைத் திரையில் காட்டினார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். அப்பாடா என்று இருந்தது. அந்தப் பிள்ளையைப் பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்குமோ தெரியாது, எனக்குக் காய்ச்சலே விட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் டெம்போ வந்தது. கேட் திறந்தது. நான் போஹா என்கிற அவல் உப்புமாப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் திக்காமல் வாசிக்க வேண்டுமே என்று ஒத்திகை. டெம்போ போனது, கேட் மூடியது. கொஞ்ச நேரம் கழித்துத் தன் பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தி வைத்தாள். முந்தின சாயங்காலத்திலிருந்து அதுவரை அவள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினாள்.

மற்ற பீரோக்களின் பேப்பரையும் கிழித்தெறிந்தோம். நான் எழுதி ஒட்டிய அறிவிப்புகளும் கூடவே போயின. கடைசி பீரோவைக் காலி செய்து, படித்து முடித்த புத்தகங்களை அதில் வைத்து, தேதி எழுதி ஒரு வாரம் தொடாமல் விட்டோம். "நமக்குப் பத்து நாள், புத்தகத்துக்கு ஏழு நாள்தானா?" என்று கேலி செய்தார்கள். படிக்கத் தெரியாத ஓர் அம்மா அட்லஸ் கேட்டு வாங்கி, மகன் வேலை பார்க்கும் ஊரைக் காட்டச் சொல்லி, அந்தப் புள்ளியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நானும் படித்தேன். தடி நாவல் எதுவும் எடுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் முடித்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம் அது. வெட்கமாகவும் இருந்தது, ரொம்ப சந்தோஷமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போவதற்குள் இன்னும் மூன்று முடித்துவிட்டேன்.

எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தோம். கணவருக்கும் மகளுக்கும் ஒன்றும் வரவில்லை. முகாம் முடிந்ததும் போர்வைகளை எரித்தார்கள். புத்தகத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. பிரின்சிபாலிடம் நானே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "பேப்பர் ஒட்டச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். அடுத்த சரிபார்ப்பில் இரண்டு புத்தகம் குறைந்தது. விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

ஒன்றை மட்டும் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கசார்வாடிப் பெண் எனக்கு ஒருநாள் முன்னதாகவே வீட்டுக்குக் கிளம்பினாள். பையை எடுத்துக்கொண்டு நின்றவள், மகள் என்னோடு பேச வேண்டும் என்கிறாள் என்று போனை நீட்டினாள். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து நானும் முகத்தை அதற்குத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"மாவுஷி, சாவி உங்க பையிலேயே இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. நிஜமா?" என்று கேட்டாள். மாவுஷி என்றால் பெரியம்மா.

"நிஜம்தான்."

"அப்போ முதல் நாளே ஏன் திறக்கலை?"

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சரிபார்ப்பு, பதிவேடு, மாநகராட்சி விதி, எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "பயந்துட்டேன், கண்ணு" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு அம்மா எத்தனை மணிக்கு வந்து சேருவாள் என்று கேட்கப் போய்விட்டாள்.

பள்ளி திறந்து இவ்வளவு காலமாகிவிட்டது. இன்றும் ஒரு பிள்ளை பீரோவின் முன்னால் தயங்கி நின்றால், எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது, அது இன்னொரு முறை என்னிடம் 'ஏன் திறக்கலை' என்று கேட்டுவிடக் கூடாதே என்று நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுகிறேன்.